கார்டுலயே போடட்டுமா?

அக்டோபர் 14, 2015, புதன்

இன்றைய தேதியில் என் வயது எண்பத்து மூன்று ஆண்டு, இரண்டு மாதம், பதினொரு நாள். நாள்கணக்கோடு எழுதுவது கிழவியின் கிறுக்கு அன்று, தொழிற்பழக்கம். லாரன்ஸ் நகரத்துப் பல்கலைக்கழகத்தில் கணிதம் படித்துவிட்டு வந்து, முப்பத்தொரு ஆண்டுகள் இந்த மாவட்டத்தின் சொத்துவரி மதிப்பீட்டாளராக இருந்தேன். ஒரு கட்டடத்தின் வயதைச் சரியாக எழுதாமல் அதன் விலையை எழுதுகிறவர் பொய் எழுதுகிறார் என்பது என் கொள்கை. அளவுநாடாவோடு நான் வண்டியிலிருந்து இறங்கினால், கான்சஸ் கோதுமை விவசாயிகள் அத்தனை பேருக்கும் ஒரே சமயத்தில் ஏழ்மை வந்துவிடும். புது டிராக்டர்கள் வைக்கோலுக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும். மனிதர்களைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் அந்த வைக்கோல்களுக்குப் பின்னால் கற்றதுதான்.

நேற்று மருந்துக்கடைக்குப் போனேன். ராய்ஸ் டெக்கர்ட்டின் கடை. ஊரில் இருப்பது அது ஒன்றுதான். அடுத்தது நாற்பத்தொரு மைல். ராய்ஸுக்கு ஐம்பத்தெட்டு வயது. எங்கள் மெனோனைட் கிறிஸ்தவச் சபைத் தேவாலயத்தில் பின்வரிசையில் நின்று அடிக்குரலில் பாடுகிறவர். என் பிரஷர் மாத்திரை முப்பதை எண்ணிக் குப்பியில் போட்டார். காப்பீட்டு அட்டையை நீட்டினேன். அதை இரண்டு விரலால் பிடித்துக்கொண்டு, மாதாமாதம் கேட்கும் அதே கேள்வியைக் கேட்டார்.

“மிஸ் ரெம்பல், இன்னைக்கும் கார்டுலயே போடட்டுமா?”

“வேற எதுல போடுவே? கோழிமுட்டையிலயா?”

சிரிக்கவில்லை. அட்டையை இயந்திரத்தில் தேய்த்தார். நாற்பத்தெட்டு டாலர் என்றார். கொடுத்தேன்.

நான்கு ஆண்டுகளாக ஏன் இதையே கேட்கிறார்? மாவட்ட அலுவலகம் தன் ஓய்வூதியக்காரர்களுக்குத் தரும் அட்டை அது. உழைத்துப் பெற்றது. அது காலாவதியாகியிருக்கும் என்று நினைக்கிறாரா? அல்லது நான் ஆகியிருப்பேன் என்றா?

அக்டோபர் 21, புதன்

தேவாலயத்தின் அடித்தளக் கூடத்தில் ரூக் ஆட்டம். ராஜாவும் ராணியும் சூதாடிகளின் படங்கள் என்று எங்கள் முன்னோர் விலக்கிவைத்ததால், வெறும் எண்கள் அச்சிட்ட இந்தச் சீட்டைக் கொண்டு நாங்கள் பாவமின்றி ஒருவரையொருவர் கவிழ்க்கிறோம். மேசைக்கு நால்வர். காது கேளாத வெல்டா. வாதத்தால் விரல் மடங்கிப்போன ஓராலீ; சீட்டுகளை ஒரு மரச்சட்டத்தில் செருகிவைத்து ஆடுகிறாள். எனக்கு எதிரில், என் ஜோடியாக, ஆர்டிஸ் ஷ்ராக். எழுபத்தொன்பது வயது, கோதுமை விவசாயியின் விதவை, ஐம்பது ஆண்டுகளாக என் தோழி. நாவுக்குத் தாழ்ப்பாள் இல்லாதவள்.

காப்பி வந்தபோது ஆர்டிஸ் பையிலிருந்து ஒரு மாத்திரையை எடுத்தாள். இளஞ்சிவப்பு, முட்டை வடிவம், நடுவில் கோடு. என்னுடையதேதான். சொன்னேன்.

“அட, பிரஷர்லகூட நீ எனக்கு ஜோடியா!” என்றாள். “இதுக்குப் போய் ஒன்பது டாலர் இருபது சென்ட் வாங்கறான் ராய்ஸ். ஒரு மாசத்துக்கு! எனக்கு வயிறு எரியுது லியோட்டா.”

“உன்கிட்ட காப்பீடு இல்லையே.”

“இல்லதான். உடம்பு நல்லா இருந்தப்போ எதுக்குன்னு சேரல. இப்ப சேரணும்னா அபராதம் கட்டுங்கறான். போடான்னுட்டேன். நீ எவ்வளவு குடுக்கறே?”

“அதே அளவுதான்” என்றேன்.

அந்த ஆட்டத்தில் நாங்கள் தோற்றோம். கையில் இருந்த பதினான்கை, ஆட்டத்தின் பெரிய சீட்டை, நான் போட மறந்துவிட்டேன் என்று ஆர்டிஸ் வீடு வரும்வரை திட்டினாள்.

அக்டோபர் 22

நாற்பத்தெட்டில் ஒன்பது இருபது போனால் முப்பத்தெட்டு எண்பது. நான்கு ஆண்டு இரண்டு மாதம் - ஐம்பது குப்பிகள். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பது டாலர். 1979-இல் ஹார்வி உன்ரூவின் கோழிக்கொட்டகைக்கு நான் எழுதிய மதிப்பு இதைவிடக் குறைவு.

அக்டோபர் 26

நான்கு நாள்களாக யோசிக்கிறேன். பூதக்கண்ணாடி வைத்து இரண்டு மாத்திரைகளையும் பார்த்தாயிற்று. (ஆர்டிஸிடமிருந்து ஒன்றை ‘என்னுடையது தீர்ந்துவிட்டது’ என்று பொய் சொல்லி வாங்கினேன்.) ஒரே எழுத்து, ஒரே எண், ஒரே கோடு. சமையலறைத் தராசிலும் ஒரே எடை. அந்தத் தராசு இரண்டையும் சேர்த்தே பூஜ்யம் என்றுதான் காட்டுகிறது, ஆனாலும்.

ஆகவே பொருள் ஒன்று, கடை ஒன்று, விலை இரண்டு. நான் வேலையில் இருந்தபோது இப்படி ஒன்று கண்ணில் பட்டால் அந்தக் கோப்பை மூடியிருக்கமாட்டேன்.

ராய்ஸின் கடைக்குப் போன வசந்தத்தில் புதுக் கூரை போட்டார்கள். ஆலங்கட்டி மழைக்குப் பிறகு என்றார்கள். ஆலங்கட்டி என் கூரையிலும்தான் விழுந்தது. கல்லாவில் நிற்கும் டார்லா சிவப்பு நிறத்தில் ஒரு பிக்கப் வண்டி வாங்கியிருக்கிறாள். மருந்துக்கடைக் கல்லாவில் நிற்பவளுக்கு அவ்வளவு பெரிய வண்டி எதற்கு?

தனியாக இருக்கிறாள், அட்டை வைத்திருக்கிறாள், கேள்வி கேட்கமாட்டாள் - இவள் தலையில் மிளகாய் அரைக்கலாம் என்று தீர்மானித்திருக்கிறான். என்னிடம் பிடுங்கியதில்தான் ஆர்டிஸுக்குக் குறைத்துக் கொடுக்கிறானோ? என் பணத்தில் அவளுக்குத் தர்மம். கணக்கு சரியாகத்தான் வருகிறது.

அவனிடமே கேட்டுவிடலாமே என்று யாராவது சொல்லலாம். முப்பத்தொரு ஆண்டுகளில் ஒருமுறையேனும் ஒரு சொத்தின் விலையை நான் அதன் உரிமையாளரிடம் கேட்டதில்லை. உரிமையாளரிடம் விலை கேட்பது திருடனிடம் மணி கேட்பது மாதிரி. சொல்வான், கைக்கடிகாரம் போய்விடும்.

நவம்பர் 3

நாற்பத்தொரு மைல் தள்ளியிருக்கும் பெரிய கடைக்குத் தொலைபேசினேன். விலையை ஒப்பிட்டுப் பார்க்கவேண்டும் அல்லவா - ஐம்பது மாதம் தாமதமாக. ஒரு பெண் பேசினாள். குரலில் பபிள்கம் இருந்தது.

“கார்டு நம்பர் சொல்லுங்க மேடம்.”

பதினாறு எண்களையும் வாசித்தேன்.

“நாப்பத்தெட்டு டாலர்.”

“நிச்சயமா?”

“கம்ப்யூட்டர் சொல்லுது மேடம்.”

சென்ட் பிசகாமல் அதே விலை! போட்டிக் கடைகள் இரண்டு ஒரே விலையைச் சொன்னால் அதற்கு என் துறையில் ஒரு பெயர் உண்டு: கூட்டு. இது ஒரு ராய்ஸோடு முடியும் விஷயமாகத் தெரியவில்லை.

நவம்பர் 10, செவ்வாய்

குப்பி தீரப்போகிறது. போனேன். டார்லா, “வாங்க மிஸ் ரெம்பல், குளிர் எப்படி?” என்றாள். “இலவசமா இருக்கு” என்றேன்.

ராய்ஸ் அட்டையை வாங்கிக்கொண்டு, வழக்கம்போல, “கார்டுலயே போடட்டுமா?” என்றார். என் முகத்தையே பார்த்தார். நான் அவருடைய கூரையைப் பார்த்தேன்.

“போடு.”

தேய்க்கவில்லை. குனிந்து மெதுவாகச் சொன்னார்: “ஏதாவது கேக்கணுமா, மிஸ் ரெம்பல்? என்கிட்ட எது வேணா கேக்கலாம். கேட்டா சொல்லுவேன்.”

“மாத்திரைகிட்ட கேக்க என்ன இருக்கு? முழுங்கணும், அவ்வளவுதானே?”

பெருமூச்சு விட்டார். நாற்பத்தெட்டு டாலர். குற்றமுள்ள நெஞ்சுதான் இப்படி வலிய வந்து குழையும். எத்தனை வைக்கோல் போருக்கு முன்னால் இந்தக் குழைவைப் பார்த்திருக்கிறேன்!

நவம்பர் 12

மூன்று கடிதங்கள் எழுதினேன். தபால் நிலையம்வரை நடந்தே போனேன். எதிர்காற்று.

நவம்பர் 26, நன்றியறிதல் நாள்

என் தம்பி மகள் ஜனீன் விச்சிட்டாவிலிருந்து வந்தாள். கடையில் வாங்கிய பூசணிப் பணியாரத்தைத் தான் சுட்டதாகச் சொன்னாள். அடியில் விலைச்சீட்டு ஒட்டியிருந்தது. குளிர்பதனப் பெட்டியின்மேல் இருந்த மருந்துக்கடை ரசீதை எடுத்துப் படித்தாள்.

“அத்தை, நாப்பத்தெட்டா? நான் ஒரு டயர் வாங்கறதுக்கு நாலு கடை பாக்கறேன். ஊர்ல இருக்கற கோழிக்கூண்டுக்கெல்லாம் விலை போட்டவங்க நீங்க. உங்க மாத்திரைக்கு விலை விசாரிக்கலையா?”

“விசாரிச்சேன். எல்லா எடத்துலயும் அதே விலை.”

பொய்யில்லை. முழு உண்மையும் இல்லை.

மேசைமேல் இந்த நோட்டு இருந்தது. அதைப் பார்த்து, “என்னைப் பத்தி என்ன எழுதியிருக்கீங்க?” என்றாள். நான் போன பிறகு படித்துக்கொள் என்றேன். படிப்பாள். அதனால்தான் எழுதும்போதெல்லாம் அவள் தோளுக்குப் பின்னால் நிற்பதுபோல் இருக்கிறது.

டிசம்பர் 9, புதன்

ஊர் கொதிக்கிறது. திங்கட்கிழமை மாநில மருந்து வாரியத்திலிருந்து இருவர் வந்து ராய்ஸின் கடையில் நான்கு மணி நேரம் உட்கார்ந்து, இரண்டு பெட்டி நிறையக் காகிதங்களை எடுத்துப் போனார்களாம். யாரோ பெயரில்லாமல் புகார் எழுதியிருக்கிறார்கள். ‘ஒரே மாத்திரை, இரண்டு விலை, ஒரு விதவைக்கு மட்டும் 9.20’ என்று அதில் இருந்ததாம். கடிதத்தை ராய்ஸ் வாசித்தபோது டார்லா பின்னால் நின்று எட்டிப் பார்த்திருக்கிறாள். டார்லாவுக்குத் தெரிந்தது மாலைக்குள் தானியக் கிடங்குக்குத் தெரிந்துவிடும்.

ரூக் மேசையில் ஆர்டிஸ் வெளுத்துப்போய் இருந்தாள். “ஒன்பது இருபது குடுக்கற விதவை இந்த ஊர்ல நான் ஒருத்திதான், லியோட்டா. எல்லாரும் என்னையே பாக்கறாங்க. நானா எழுதினேன்? எனக்கு வாரியம் எந்த ஊர்ல இருக்குன்னே தெரியாது.”

யார் எழுதியிருப்பார்கள்? ஆர்டிஸ் தன் விலையை எத்தனை பேரிடம் சொல்லிப் புலம்பினாளோ. வாயைக் கட்டத் தெரியாதவளுக்கு இப்படி வரத்தான் செய்யும்.

டிசம்பர் 13, ஞாயிறு

சகோதரன்மேல் உனக்குக் குறை இருந்தால் முதலில் தனியே அவனிடம் போய்ச் சொல். கேட்காவிட்டால் இருவரோடு போ. அதற்கும் கேட்காவிட்டால் சபைக்குச் சொல். இது எங்கள் வழக்கம். எங்களில் எவரும் எவர்மேலும் வழக்குப் போடுவதில்லை, புகார் எழுதுவதில்லை. போதகர் இன்று அதைப் பற்றியே பேசினார். யார் பெயரையும் சொல்லவில்லை. சொல்லவேண்டியும் இருக்கவில்லை: ஆர்டிஸ் உட்கார்ந்த பெஞ்சில் அவளுக்கு இருபுறமும் ஓர் ஆள் அகலத்துக்கு இடைவெளி. இடப்புறத்து இடைவெளியில் நான் உட்கார்ந்திருக்க வேண்டும். தாமதமாக வந்ததால் கடைசி வரிசையில் உட்கார்ந்தேன்.

வேண்டுமென்றே தாமதமாக வந்தேன்.

பாட்டில் அடிக்குரல் இல்லை. ராய்ஸ் வாயைத் திறக்கவே இல்லை.

டிசம்பர் 23

ஆர்டிஸ் மருந்துக்கடைக்குப் போயிருக்கிறாள். டார்லா, நாலு பேர் கேட்க, “உங்களுக்கு எங்க விலை கசந்தா நாப்பத்தொரு மைல் போய் வாங்கிக்கோங்க” என்றாளாம். மாத்திரையை வாங்காமலே திரும்பிவிட்டாள்.

“இனி அந்த வாசப்படி மிதிக்கமாட்டேன்” என்றாள். நெடுஞ்சாலையில் வண்டி ஓட்ட அவளுக்குக் கண் போதாது. நான் போய் வாங்கி வரட்டுமா என்றேன். “நீ எதுக்கு? நான் பாத்துக்கறேன்” என்றாள்.

எப்படிப் பார்த்துக்கொள்கிறாள் என்று கேட்டிருக்க வேண்டும்.

ஜனவரி 6, 2016, புதன்

மூன்றாவது ஆட்டத்தில் ஆர்டிஸின் மூக்கிலிருந்து இரத்தம் சீட்டின்மேல் சொட்டியது. பச்சை ஒன்பதின்மேல். அவள் அதைத் துடைத்துவிட்டு ஆட்டத்தைத் தொடரப் பார்த்தாள். இரத்தம் நிற்கவில்லை. என் வண்டியில் மருத்துவமனைக்குக் கொண்டுபோனேன். மேல் அழுத்தம் இருநூற்றுப் பன்னிரண்டு.

செவிலி கேட்டாள்: “மாத்திரை சாப்பிடறீங்களா இல்லையா?”

“சாப்பிடறேன். பாதி.”

“பாதியா?”

“ரொட்டி அறுக்கற கத்தியால ரெண்டா நறுக்கிக்கறேன். கோடு போட்டுத்தானே வச்சிருக்காங்க? தீர்ந்து போச்சுன்னா நான் எங்க போறது?”

என்னைப் பார்த்துச் சிரித்தாள். மூக்கில் பஞ்சு வைத்த முகத்தோடு. எனக்குச் சுவரில் இருந்த நாள்காட்டியைப் பார்க்கவேண்டியிருந்தது.

இரவு அவளை அங்கேயே வைத்துக்கொண்டார்கள்.

ஜனவரி 7

காலையில் மருந்துக்கடைக்குப் போனேன். ஆர்டிஸின் மருந்துச்சீட்டைக் கொடுத்தேன். டார்லா அந்தப் பெயரைப் படித்துவிட்டு உதட்டைச் சுழித்தாள். “அதை நேராக்கு” என்றேன். நேராக்கினாள்.

ராய்ஸ் மாத்திரையை எண்ணினார். என் அட்டையை அவளுக்குப் பயன்படுத்த முடியாது. எனவே வேறு வழியின்றி, வாழ்நாளில் முதன்முறையாக ஓர் உரிமையாளரிடம் விலை கேட்டேன். “கார்டு இல்லாம எவ்வளவு?”

“ஒன்பது இருபது.”

பணத்தை வைத்தேன். பிறகு - எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை, வாய் தானாகக் கேட்டது - “என் மாத்திரை? அதுவும் கார்டு இல்லாம போட்டா?”

குப்பியை மேசைமேல் வைத்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

“அதே ஒன்பது இருபதுதான், மிஸ் ரெம்பல். நாலு வருஷமா நீங்க இந்தக் கேள்விய கேக்கமாட்டீங்களான்னு காத்துக்கிட்டிருந்தேன்.”

“நீயே சொல்லியிருக்கலாமே!”

“சொல்லக்கூடாது. கார்டுக்காரங்களுக்கும் எங்களுக்கும் நடுவுல ஒரு கம்பெனி இருக்கு. அவங்ககூட கையெழுத்துப் போட்டாத்தான் கார்டே வாங்க முடியும். அதுல எழுதியிருக்கு - கார்டு இல்லாம வாங்கினா மலிவுன்னு நானா வாய் திறக்கக்கூடாது. திறந்தா என்னை வெளிய தள்ளிடுவாங்க. ஊர்ல பாதிப் பேர் கார்டுதான். கடைய மூட வேண்டியதுதான். ஆனா நீங்களா கேட்டா பதில் சொல்லலாம்.”

“நாப்பத்தெட்டுல உனக்கு எவ்வளவு?”

“ஒன்பது டாலரும் சில்லறையும். மீதிய கம்பெனி திருப்பி எடுத்துக்கும்.”

“அதனாலதான் மாசாமாசம்...”

“கார்டுலயே போடட்டுமான்னு கேட்டேன். எனக்குத் தெரிஞ்ச மட்டும் கேட்டேன். எல்லார்கிட்டயும் கேக்கறேன். சில பேருக்குப் புரியும். நீங்க படிச்சவங்க, கணக்குப் போடறவங்க - உங்களுக்குத்தான் முதல்ல புரியும்னு நெனச்சேன்.”

பையைக் கையில் கொடுத்தவர், விடவில்லை. “ஆர்டிஸ்கிட்ட சொல்லுங்க, எனக்குக் கோபம் இல்ல. வருத்தந்தான். வாரியத்துக்காரங்க என்ன முடிவு பண்ணுவாங்கன்னு தெரியாது. ஆனா அவங்க நேரா எங்கிட்ட வந்து ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். பன்னெண்டு வருஷமா ஒரே பாட்டுக்குழு.”

நான் தலையை ஆட்டினேன். எதற்கு ஆட்டினேன் என்று அவர் அவருக்குத் தோன்றியபடி எடுத்துக்கொண்டிருப்பார்.

பெரிய கடையிலும் ஏன் நாற்பத்தெட்டு என்று இப்போது தெரிகிறது. விலை கேட்பதற்கு முன்பே அட்டை எண்ணைச் சொல்லிவிட்டேன். ஒரே தராசை இரண்டு கடைக்கும் தூக்கிக்கொண்டு போய்விட்டு, இரண்டும் ஒரே எடை காட்டுகிறது என்று சந்தேகப்பட்டிருக்கிறேன்.

ஜனவரி 11

எழுத ஒன்றும் இல்லை.

ஜனவரி 12

இருக்கிறது. எழுத விருப்பமில்லை.

ஜனவரி 20, புதன்

ஆர்டிஸ் வீட்டுக்கு வந்துவிட்டாள். கூடத்துக்கு வர இன்னும் தெம்பில்லை என்பதால் நான் அவள் பண்ணைக்குப் போனேன். முழு மாத்திரைதான் சாப்பிடுகிறாள். குப்பியைத் திறந்து எண்ணிப் பார்த்தேன். “என்னைய நம்பமாட்டியா?” என்றாள். “யாரையும்தான்” என்றேன்.

ராய்ஸ் சொன்னதைச் சொன்னேன். கம்பெனியைப் பற்றி, வாய்ப்பூட்டைப் பற்றி. நாற்பத்தெட்டு டாலரைப் பற்றியும் சொன்னேன். அவள் வாய்விட்டுச் சிரித்தாள். பஞ்சு வைத்த மூக்குக்கு அது நல்லதில்லை என்றேன். பஞ்சு எடுத்து ஒரு வாரமாச்சு என்றாள்.

“நாப்பத்தெட்டா? அன்னைக்கு ‘அதே அளவுதான்’னு சொன்னியே?”

“சொன்னேன்.”

“ஐயோ லியோட்டா. உனக்கு மானம் ரொம்ப விலை ஜாஸ்தி.”

சீட்டைக் கலைத்தாள். கலைத்துக்கொண்டே, என்னைப் பார்க்காமல் பேசினாள்: “அந்தக் கடுதாசியப் பத்தி யோசிச்சுப் பாத்தேன். படுக்கைல கெடந்தா வேற வேலை என்ன? ஒன்பது இருபதுன்னு நான் ஒரே ஒரு தடவைதான் வாய் விட்டுச் சொன்னேன். அந்த மேசையில. நாலு பேரு இருந்தோம். வெல்டாவுக்கு இடி விழுந்தாலே காது கேக்காது. ஓராலீ பேனா பிடிச்சு இருபது வருஷமாச்சு. நான் எழுதல.”

சீட்டைப் பிரித்துப் போட்டாள். எனக்கு ஐந்து, அவளுக்கு ஐந்து, எனக்கு ஐந்து.

“ஆடு” என்றாள்.

ஆடினேன். என்ன ஆடினேன் என்று நினைவில்லை.

பிப்ரவரி 1

ஜனீன் தொலைபேசினாள். என் மாத்திரை விலையைக் கேட்டாள். ஒன்பது இருபது என்றேன். “பாத்தீங்களா, ஒரு தடவை விசாரிச்சா போதும்” என்றாள். ஆமாம் என்றேன். என் குரலில் ஏதோ இருந்திருக்கும். உடம்புக்கு என்ன என்றாள்.

என்னிடம் ஒரு மதிப்பீடு தவறாகிவிட்டால் திருத்திக் கையெழுத்துப் போடும் படிவம் ஒன்று இருந்தது. முப்பத்தொரு ஆண்டுகளில் ஏழு முறை பயன்படுத்தினேன். ஒவ்வொரு முறையும் காகிதத்தை உரிமையாளரின் வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுத்தேன். கதவைத் தட்டுவதுதான் கஷ்டம். கையெழுத்து எளிது.

பிப்ரவரி 9, செவ்வாய்

வயது எண்பத்து மூன்று ஆண்டு, ஆறு மாதம், ஆறு நாள்.

காலையில் ஒரு கடிதம் எழுதினேன். கீழே முழுப்பெயரும் முகவரியும். இரண்டு நகல். அசலை வாரியத்துக்கு அனுப்பிவிட்டு, ஆர்டிஸின் பண்ணைக்கு வண்டியை விட்டேன்.

“கோட்டைப் போடு. மருந்துக்கடைக்குப் போறோம்.”

“வரமாட்டேன்.”

“வந்துதான் ஆகணும். எனக்கு ஜோடி வேணும்.”

கோட்டை எடுத்தாள்.

கடையில் டார்லா இருந்தாள். போதகரின் மனைவி லோர்னா இருமல் மருந்துக்கு நின்றிருந்தாள். அவளைவிட நல்ல செய்திப்பலகை இந்த மாவட்டத்தில் கிடையாது. முதலில் தனியே சொல் என்கிறது வழக்கம். அந்தப் படியை நான் நவம்பரிலேயே தாண்டிக் குதித்துவிட்டேன். ஆர்டிஸின் பெயர் நாலு பேர் நடுவில் கெட்டது; நாலு பேர் நடுவில்தான் அதைத் திருப்பிக் கொடுக்க முடியும்.

ராய்ஸிடம் ஒரு நகலை நீட்டினேன். அவர் அதைப் பிரிப்பதற்குள், லோர்னாவுக்கும் கேட்கிறபடி, ஒரே ஒரு வாக்கியம் சொன்னேன்.

டார்லாவின் முகம் அவளுடைய வண்டியின் நிறத்துக்கு வந்தது. ஆர்டிஸைப் பார்த்து, “மிஸஸ் ஷ்ராக், நான் அன்னைக்கு...” என்று ஆரம்பித்தாள். ஆர்டிஸ், “முதல்ல என் மாத்திரையக் குடு பொண்ணே” என்றாள்.

ராய்ஸ் கடிதத்தைக் கடைசிவரை படித்தார். மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். என் குப்பியை எடுத்து முப்பது எண்ணினார்.

“கார்டுலயே போடட்டுமா, மிஸ் ரெம்பல்?”

“வேண்டாம்.”

ஒன்பது டாலர், இருபது சென்ட். மன்னித்தாரா என்று தெரியவில்லை. கேட்கவில்லை, அந்த விலையைக் கேட்கும் உரிமை எனக்கு இல்லை. ஆனால் கதவைச் சாத்தும்போது உள்ளே யாரோ அடிக்குரலில் தொண்டையைச் செருமுவது கேட்டது.

வண்டியில், வாய்க்கால் பாலம் தாண்டிய பிறகு ஆர்டிஸ் சொன்னாள்: “நாளைக்கு ஆட்டத்துக்கு ஸ்விபாக் கொண்டு வா.”

ஸ்விபாக் என்பது தலைமேல் தலை வைத்த எங்கள் இரட்டை பன். மேல்தலை சரியாமல் சுடுவது பெரிய வித்தை. ஐம்பது ஆண்டுகளாக நான் அதைக் கடையில் வாங்கித்தான் கொண்டுபோகிறேன்.

“வாங்கிட்டு வரேன்.”

“வாங்கினது வேண்டாம். உன் கையால சுட்டது. ஒவ்வொரு புதன்கிழமையும். நான் போதும்னு சொல்ற வரைக்கும்.”

“எப்ப சொல்லுவே?”

“சொல்லமாட்டேன்” என்றாள்.

இப்போது மாவு உப்பிக்கொண்டிருக்கிறது. அல்லது உப்பாமல் இருக்கிறது. அதற்குள் கடைசியாக ஒன்று. டிசம்பர் 9-ஆம் தேதி இந்த நோட்டில் ‘யார் எழுதியிருப்பார்கள்?’ என்று கேட்டிருக்கிறேன். ஜனீன், அந்த வரியை நான் அடிக்கவில்லை. அது அங்கேயே கிடக்கட்டும். கடையில் நான் சொன்ன வாக்கியத்தை இங்கேயும் எழுதிவிடுகிறேன்.

அந்தப் பெயரில்லாத கடிதத்தை எழுதியவள் நான். நவம்பர் பன்னிரண்டாம் தேதி, என் மேசையில், யாரிடமும் ஒரு கேள்விகூடக் கேட்காமல்.